மருந்து போட்டும் போகாத பேன்: சீப்பும் நாட்கணக்கும்

சனிக்கிழமை மருந்து போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டியாயிற்று. செத்த பேன் கொத்தாக வந்தது. ஒரு வாரம் நிம்மதி. அடுத்த ஞாயிறு பார்த்தால் பிள்ளை மறுபடி பிடரியைச் சொறிகிறாள். "ஸ்கூல்ல இருந்து திரும்ப ஒட்டிக்கிட்டு வந்துட்டா" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடும் முன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அதே தலை: முதல் மருந்துக்குத் தப்பிய ஈர் எட்டாம் ஒன்பதாம் நாளில் பொரித்திருக்கும். இன்னொன்று, ஒரே பாயில் பக்கத்தில் படுக்கும் அக்காவின் தலை. திரும்பத் திரும்ப வரும் பேனில் பெரும்பகுதி இந்த இரண்டு வழியில்தான் வருகிறது. அதனால் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, நாளை எண்ணிச் செய்வதும், வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்ப்பதும்தான் பலன் தரும்.

உயிருள்ள பேன் இருக்கிறதா?

ஈர் தெரிகிறது என்பதற்காக மட்டும் மருந்து போடாதீர்கள். பேன் போய் மாதக்கணக்கான பிறகும் காலி ஈர் முடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், ஈரும் முடியோடு மேலே நகரும். தாய்ப்பேன் ஈர் வைப்பது தலைத்தோலை ஒட்டிய முதல் 6 மில்லிமீட்டருக்குள், அந்தச் சூட்டில். ஆகவே வேரிலிருந்து 1 செ.மீ. தாண்டி இருப்பது வாரக்கணக்கில் பழசு, அநேகமாக வெறும் ஓடு. வேரை ஒட்டி, பழுப்பு நிறத்தில், கண்ணீர்த்துளி வடிவத்தில், முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருப்பதுதான் கவலைப்பட வேண்டியது. பொரித்த ஓடு வெள்ளையாக, கறுத்த முடியில் பளிச்சென்று தெரியும். கண்ணை உறுத்துவது ஓடு, கண்ணுக்கு மறைவது உயிருள்ள ஈர். இதனால்தான் பலர் ஓட்டைப் பார்த்துப் பயந்து மருந்தை ஊற்றுகிறார்கள்.

பாட்டிமார்களின் பழைய சோதனை ஒன்று இன்றும் செல்லும். ஈரை உருவி இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். "டிக்" என்று வெடித்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சத்தமில்லாமல் தட்டையானால் ஓடு. பிறகு கையையும் நகக்கண்ணையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பொடுகும் ஈரும் குழம்புவது சகஜம். விரலால் தள்ளினால் பொடுகு சறுக்கி உதிரும். ஈர் அசையாது, நகத்தால் முடியோடு சேர்த்து உருவினால்தான் வரும். முடியைச் சுற்றி மோதிரம் போல் இருந்து மேலும் கீழும் வழுக்கிப் போகும் வெள்ளைக் குழல்களும் சிலர் தலையில் உண்டு. அதுவும் பேன் இல்லை.

உயிருள்ள பேனைக் காய்ந்த தலையில் வகுந்து பார்த்துப் பிடிப்பது கஷ்டம். வெளிச்சம் பட்டதும் ஓடிவிடும். எண்ணெய் சொட்டும் தலையிலோ கண்டிஷனர் போட்ட ஈரத் தலையிலோ பேன்சீப்பால் இழுத்து, சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். வளர்ந்த பேன் எள்ளளவு, 2 முதல் 3 மி.மீ. நீளம், சாம்பல் கலந்த பழுப்பு நிறம். ரத்தம் குடித்திருந்தால் வயிற்றின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரியும். குஞ்சு குண்டூசித் தலையைவிடச் சின்னது. கோதுமை ரவைத் துகள் என்றே நினைக்கத் தோன்றும். துணியை முகத்துக்குக் கிட்டே வைத்துக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். துகள் நகர்ந்தால் குஞ்சு.

பேனின் நாட்கணக்கு

ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். குஞ்சு மூன்று முறை தோலுரித்து வளர்ந்த பேனாக இன்னும் 9 முதல் 12 நாள். வளர்ந்த பெண் பேன் ஏறத்தாழ ஒரு மாதம் வாழும். நாளுக்கு ஆறு, எட்டு என்று ஈர் வைக்கும். தலையை விட்டு விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். பேனுக்குச் சிறகில்லை, தாவும் காலும் இல்லை. முடியோடு முடி உரசும்போது நடந்து கடக்கும், அவ்வளவுதான்.

இதில் நமக்கு உதவும் செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. பொரித்த குஞ்சு முதல் ஒரு வாரத்துக்கு ஈர் வைக்காது, வேறு தலைக்கும் அநேகமாகப் போகாது. அந்த வாரத்துக்குள் அதைச் சீப்பில் பிடித்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஈரை ஒவ்வொன்றாக உருவ வேண்டிய கட்டாயமே இல்லை. பொரிக்கட்டும், பொரித்ததை நான்கு நாளுக்குள் சீப்பு எடுத்துவிடும்.

இதை வைத்து வகுத்ததுதான் 1, 5, 9, 13 கணக்கு. முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று நான்கு தடவை முழுத் தலையையும் ஈரத்தில் வார வேண்டும். பதினேழாம் நாள் ஒரு சோதனை. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை பெற்றோருக்குச் சொல்லும் கணக்கும் இதுதான். சனிக்கிழமை தொடங்கினால் அடுத்தது புதன், பிறகு ஞாயிறு, பிறகு வியாழன், சோதனை திங்கள். பள்ளி நாளில் காலையில் முடியாது. சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் உட்கார வையுங்கள். காலண்டரில் இந்த ஐந்து தேதிகளையும் முதல் நாளே வட்டமிடுங்கள். நான்கு தடவையில் மூன்றைச் செய்துவிட்டு, "இப்பத்தான் ஒண்ணும் வரலையே" என்று நான்காவதை விடும் வீடுகளில்தான் பேன் குடியிருக்கிறது.

சீப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

மருந்துப் பாட்டிலோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் சீப்பு பெரும்பாலும் உதவாது. அடர்ந்த முடியில் இழுக்கும்போது பல் வளைந்து விலகும். குஞ்சு அந்த இடைவெளியில் நழுவிப் போகும். பல் நீளமான, பல்லுக்குப் பல் இடைவெளி 0.2 முதல் 0.3 மி.மீ. உள்ள ஸ்டீல் பேன்சீப்பு வாங்குங்கள். பல்லில் திருகு போல் வரி ஓடியிருந்தால் ஈரையும் ஓரளவு உருவும். சீப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் எல்லாப் பல்லும் ஒரே நேராக, ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். நடுவில் ஒரு பல் கோணியிருந்தாலும் வேறு எடுங்கள்.

இரண்டு பக்கமும் பல் வெட்டிய மரத்தாலான ஈர்வலி வீட்டில் இருந்தால், மோசமில்லை. ஆனால் பல் குட்டை என்பதால் சுருள் முடியிலும் மிக அடர்ந்த முடியிலும் தலைத்தோலைத் தொடாது. தோலைத் தொடாத சீப்பு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் பயனில்லை. பேன் இருப்பது வேரில்.

ஈரத் தலையை வாரும் முறை

தோள்வரை முடிக்கு அரை மணி நேரம், இடுப்புவரை முடிக்கு ஒரு மணி நேரமும் ஆகும். பிள்ளையைத் தாழ்ந்த முக்காலியில் உட்கார வைத்து நீங்கள் நாற்காலியில் அமருங்கள். காலை வெயில் விழும் திண்ணையோ ஜன்னலோரமோ நல்லது. டியூப்லைட்டில் குஞ்சு தெரியாது. ராத்திரி என்றால் தலையில் கட்டும் டார்ச்சோ செல்போன் விளக்கோ வேண்டும். தோளில் வெள்ளைத் துண்டு, பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம், துடைக்கப் பழைய வெள்ளை வேட்டித் துணி. பிள்ளையின் கையில் ஒரு கார்ட்டூனைக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு மணி நேரத்துக்கு அது தப்பில்லை.

1. தலையை நன்றாக நனைத்துச் சாதாரணச் சீப்பால் சிக்கு எடுங்கள். சிக்கோடு பேன்சீப்பை இழுத்தால் பிள்ளைக்கு வலிக்கும், அடுத்த தடவை உட்காராது.

2. கண்டிஷனரை வேரிலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவுங்கள். தோள்வரை முடிக்கு 40, 50 மில்லி பிடிக்கும். விலை மலிந்தது போதும். வெள்ளை நிறமாக இருந்தால் பேன் அதில் தெளிவாகத் தெரியும். கண்டிஷனர் பேனைக் கொல்லாது. சுமார் இருபது நிமிடம் ஓடவிடாமல் மந்தமாக்கும், சீப்பு வழுக்க உதவும். அதனால் தடவியதும் வாரத் தொடங்குங்கள். முடி காயக் காய இன்னும் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் என்றால் தலையை நனைக்க வேண்டாம். காய்ந்த முடியில் சொட்டச் சொட்டத் தடவுங்கள். மார்கழியில் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள்.

3. நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு வகிடு, காதிலிருந்து காதுவரை ஒரு வகிடு. நான்கு பாகமாக்கி மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். பிடரியிலிருந்து தொடங்குங்கள். பிடரியும் இரு காதின் பின்புறமும்தான் பேனுக்குப் பிடித்த இடம்; கை சளைப்பதற்கு முன் அங்கே முடித்துவிடலாம்.

4. ஒரு தடவைக்கு எடுக்கும் முடி சீப்பின் அகலத்தைத் தாண்டக் கூடாது, கனம் ஒரு விரலுக்கு மேல் இருக்கக் கூடாது. சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, வேரிலிருந்து நுனிவரை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். பாதியில் சீப்பைத் தூக்கினால் அதில் சிக்கிய பேன் திரும்ப முடிக்குள் விழும்.

5. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் துடையுங்கள். சலிப்பான வேலைதான். துடைக்காமல் அடுத்த இழுப்புப் போட்டால் எடுத்த குஞ்சையே இன்னொரு இடத்தில் நட்டுவிடுகிறீர்கள். அதே முடிக்கற்றையை மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று நான்கு பக்கமும் இழுத்த பிறகே அடுத்த கற்றை. முடிந்த கற்றையை மறுபக்கம் ஒதுக்கிக் கிளிப் போடுங்கள்.

6. முழுத் தலையும் முடிந்ததும் கண்டிஷனரை அலசிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே மறுபடி ஒரு சுற்று வாருங்கள். விட்டுப்போன குஞ்சுகள் இந்தச் சுற்றில் வரும். எண்ணெய் போட்டிருந்தால் இரண்டாம் சுற்றையும் வாரிவிட்டுச் சீக்காயோ ஷாம்புவோ தேய்த்துக் குளிப்பாட்டுங்கள்.

7. சீப்பைக் கை பொறுக்காத வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேயுங்கள். இடுக்கில் ஒட்டியதை ஊசி நூலை ஓட்டி எடுக்கலாம்.

துணியில் என்ன வந்தது என்பதை ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். அது நோயின் வரைபடம் மாதிரி. முதல் நாள் பெரிதும் சிறிதுமாக வரும். ஐந்தாம் நாளும் ஒன்பதாம் நாளும் சின்னக் குஞ்சு மட்டும் வந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. ஈர் பொரிக்கிறது, நீங்கள் பிடிக்கிறீர்கள். எள்ளளவுப் பெரிய பேன் ஐந்தாம் நாள் வந்தால் முதல் நாள் எங்கோ விட்டிருக்கிறீர்கள், அல்லது வேறு தலையிலிருந்து ஏறியிருக்கிறது. ஒன்பதாம் நாளுக்கு மேல் வந்தால் பெரும்பாலும் வேறு தலைதான். நான்கு நாளில் எந்தக் குஞ்சும் அவ்வளவு வளராது. அப்படி வந்தால் எண்ணிக்கை மறுபடி தொடங்குகிறது: பெரிய பேன் ஒன்றுகூட வராத மூன்று வாரல்கள் தொடர்ந்து அமையும்வரை நிறுத்தாதீர்கள்.

மருந்து போடுவதானால்

வெறும் சீப்பாலேயே பேனை ஒழிக்க முடியும், நேரம் இருந்தால். அடர்ந்த நீள முடி, மூன்று பிள்ளைகள், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் மருந்தும் சீப்பும் சேர்ந்தால்தான் நடக்கும்.

பரவலாகக் கிடைப்பது பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் அல்லது கிரீம் ரின்ஸ். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடலாம் என்றாலும், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டாக்டரைக் கேட்டுப் போடுவது உத்தமம். கடையில் 1 சதவீதமா என்று அட்டையைப் படித்து வாங்குங்கள். சொறி சிரங்குக்குக் கொடுக்கும் 5 சதவீத கிரீமும் அதே பெயரில் இருக்கிறது. அது உடம்புத் தோலுக்கானது.

இந்த மருந்து நம் வீடுகளில் தோற்பதற்கு முதல் காரணம் எண்ணெய். தினமும் எண்ணெய் வைத்துப் பின்னும் தலையில் மருந்தை ஊற்றினால் எண்ணெய்ப் படலம் மருந்தை முடியில் பிடிக்கவிடாது. சாதாரண ஷாம்புவால் எண்ணெய் போகும்வரை அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். துண்டால் நன்றாகத் துவட்டுங்கள். சொட்டும் ஈரத்தில் போட்டால் மருந்து நீர்த்துப்போகும். பிறகு கண்ணைத் துண்டால் மூடச் சொல்லிவிட்டு, காதின் பின்புறம், பிடரி, உச்சி என்று வேரெல்லாம் ஊறும்படி தடவுங்கள். தோள்வரை முடிக்கு 60 மில்லி பாட்டில் ஒன்று ஆகும். இடுப்புவரை என்றால் இரண்டு. மிச்சம் பிடித்து மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் மூன்று தலையிலும் பேன் பிழைக்கும். இது இரண்டாவது காரணம்.

கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். கூட வைத்தால் கூடப் பலன் என்பது இல்லை. வாஷ்பேசினில் தலையைக் குனியவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். மருந்து உடம்பெல்லாம் வழியாமல் இருக்கும். அடுத்த இரண்டு நாள் தலைக்குக் குளிக்கவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சீப்பால் இழுத்துப் பாருங்கள். செத்ததும், குடித்தவன் மாதிரி தள்ளாடுவதும் வந்தால் மருந்து வேலை செய்கிறது; மிச்சத்தைச் சீப்பு எடுக்கும், உடனே மறுபடி ஊற்ற வேண்டாம். செத்தது ஒன்றும் இல்லாமல், எல்லாம் முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்தப் பேனுக்கு இந்த மருந்து பழகிவிட்டது. பெர்மெத்ரின் பிடிக்காத பேன் பல நாடுகளில் இருக்கிறது. இந்த நிலையில் அதே மருந்தை இரண்டு மடங்காகப் போடுவது வீண். வேறு வகைக்கு மாற வேண்டும்.

மருந்து வேலை செய்தாலும் ஒன்பதாம் நாள் இரண்டாம் முறை போட்டே ஆக வேண்டும். பெர்மெத்ரின் ஈரை முழுதாகக் கொல்லாது. அது பேனின் நரம்பைத் தாக்கும் மருந்து. புதிதாக வைத்த ஈருக்குள் தாக்குவதற்கு நரம்பே இன்னும் உருவாகியிருக்காது. மூன்றாம் நாளே "இன்னும் ஒரு தடவை போட்டுடலாம்" என்று போடுவது பயனில்லை, ஈர் இன்னும் பொரிக்கவில்லை. இருபதாம் நாள் போட்டால் முதலில் பொரித்தவை வளர்ந்து புது ஈர் வைத்திருக்கும்.

டைமெத்திகோன் கிடைத்தால் அது நல்ல மாற்று. சிலிக்கோன் எண்ணெய் வகை. பேனின் மேல் படலமாக மூடிக் கொல்வதால் மருந்துக்குப் பழகிய பேனும் தப்பாது. காய்ந்த முடியில் போட வேண்டும். சிலவற்றுக்குப் பதினைந்து நிமிடம், சிலவற்றுக்கு ராத்திரி முழுக்க என்று அட்டையில் போட்டிருக்கும். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. தலையில் அது இருக்கும்போது அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி பக்கம் பிள்ளை போகக் கூடாது.

இரண்டு சுற்றும் ஒழுங்காகச் செய்தும் போகவில்லை என்றால் ஐவர்மெக்டின் மாத்திரை ஒரு வழி. உடல் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று டாக்டர் கணக்குப் போட்டு, 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பார். 15 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கடையில் விற்கும் மூலிகைப் பேன் எண்ணெய்களைப் பற்றிக் கேட்பீர்கள். தடவிவிட்டுச் சீப்பால் வாரினால் பலன் உண்டு. தடவிவிட்டுச் சும்மா இருந்தால் பேனும் சும்மா இருக்கும்.

கைவைத்தியத்தில் தொடக் கூடாதவை

சீத்தாப்பழ விதைப் பொடிதான் இதில் முதலில். பேன் சாகும், உண்மைதான். ஆனால் குளிக்கும்போது அந்தச் சாறு கண்ணில் வழிந்தால் கருவிழியின் மேல்தோல் புண்ணாகிவிடும். தாங்க முடியாத வலி, கண்ணைத் திறக்க முடியாமை, பார்வை மங்கல். பேனுக்கு விதை அரைத்துத் தேய்த்துக் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தென்னிந்தியாவில் புதிதில்லை. தெரியாமல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் கண்ணைக் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள். அப்போதைக்குச் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், தீப்பிடிக்கும். கரப்பான் ஸ்பிரே, கரப்பான் சாக்பீஸ், வயலுக்கு அடிக்கும் மருந்து, மாட்டு உண்ணி மருந்து ஆகியவை தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போகும் விஷம். தலையில் சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் சிறு குழந்தையின் வாய்க்குப் போனால் வலிப்பு வரும். விரல் சூப்பும் வயதுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கிண்ணத்தைக்கூட வெளியே வைக்காதீர்கள். வேப்பெண்ணெயும் அப்படியே: தலையில் தடவி வாரலாம், வாயில் ஊற்றக் கூடாது. காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்று அட்டையில் போட்ட பழைய லோஷன் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கும் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

வினிகர் ஈரின் பசையைக் கரைக்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, முடியில் நடப்பதில்லை. தலையைத் தண்ணீரில் முக்கினாலும் பேன் சாகாது. மூச்சுத் துளையை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் தாங்கும்.

மொட்டை? பேன் போய்விடும், சந்தேகமே இல்லை. ஈர் வைக்க முடி வேண்டும். குலதெய்வத்துக்கு நேர்ந்த மொட்டை அந்த மாதத்தில் வந்தால் நல்லதாகப் போயிற்று. பேனுக்காக மட்டும் எட்டு வயதுப் பெண்ணின் தலையை மழிப்பது தேவையில்லாத தண்டனை. அக்காவின் தலையைப் பார்க்காமல் தங்கைக்கு மொட்டை போட்டால், முடி கட்டைவிரல் அளவு வளர்ந்ததும் பேன் திரும்பும். சீப்பு வேலையைச் சுருக்க வேண்டும் என்றால் தோள்வரை வெட்டினாலே நேரம் பாதியாகும்.

மற்ற தலைகள்

தொடங்கும் நாளிலேயே அப்பா, தாத்தா உட்பட எல்லார் தலையையும் ஈரச் சீப்பால் பாருங்கள். பேன் உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து, அதுவும் எல்லாருக்கும் அதே நாளில். பேன் உள்ளவரோடு ஒரே படுக்கையில் படுப்பவருக்கு எதுவும் கிடைக்காவிட்டாலும் சேர்த்தே போட்டுவிடலாம். முதல் முறை பேன் பிடித்தவருக்கு அரிப்பு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே "எனக்கு அரிக்கலையே" என்பது சான்று இல்லை. வீட்டில் பார்க்க மறந்துபோகும் தலை எப்போதும் ஒன்றுதான்: எல்லாருக்கும் பேன் பார்த்துவிடும் அம்மாவின் தலை. உங்களுக்கு வேறு ஒருவர் பார்க்க வேண்டும்.

பள்ளித் தோழிகளின் வீட்டுக்கும், கோடை விடுமுறையில் ஒன்றாகப் படுத்த சித்தி, மாமா வீட்டுக்கும் தகவல் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: "எங்க பிள்ளைக்குப் பேன் இருந்தது, இன்னைக்கு எடுத்துட்டோம். உங்க பிள்ளைக்கும் ஒரு தடவை சீப்புப் போட்டுப் பாருங்க." பேன் அழுக்குத் தலையைத் தேடி வருவதில்லை, தினம் குளித்த தலையிலும் நன்றாகவே வாழும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவும் வேண்டியதில்லை. இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டினால் முடி உரசுவது குறையும். விடுதியில் இருக்கும் பிள்ளை என்றால் அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் பார்க்கும்படி வார்டனிடம் கேளுங்கள். ஒரு தலையை மட்டும் சுத்தம் செய்து அதே அறைக்கு அனுப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பது.

வீட்டைக் கழுவித் தள்ள வேண்டாம். கடைசி இரண்டு நாளில் தலை பட்ட தலையணை உறை, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றைக் கொதிக்கும் அளவு சூடான வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். 54 டிகிரிச் சூடு இருந்தால் பேனும் ஈரும் பிழைக்காது. சீப்பு, ரிப்பன், ஹேர்பேண்டுக்கும் அதுவே. துவைக்க முடியாத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் இரண்டு வாரம் கட்டி வைத்தால் போதும். தரைக்கும் மெத்தைக்கும் மருந்து அடிப்பது தேவையில்லை. நாய் பூனையின் மேல் இருப்பது வேறு சாதி. பிள்ளையின் தலைக்கு வராது.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

சொறிந்த இடத்தில் சீழ், மஞ்சள் பொருக்கு, முடி ஒட்டிச் சடை பிடித்தல், காதின் பின்னோ கழுத்திலோ நெறிகட்டுதல், காய்ச்சல். இதில் எது இருந்தாலும் மருந்தைத் தலையில் ஊற்றும் முன் டாக்டரைப் பாருங்கள். முதலில் புண்ணை ஆற்ற வேண்டும். கண் இமை முடியில் ஈர் தெரிந்தால் எந்தப் பேன் மருந்தையும் அங்கே கொண்டுபோகக் கூடாது, அதற்கும் டாக்டர்தான்.

பேன் போன பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு இருக்கலாம். அரிப்பு பேனின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை, அடங்கக் கொஞ்ச நாள் ஆகும். சீப்பில் உயிருள்ள பேன் வராதவரை அரிப்புக்காக மறுபடி மருந்து போடாதீர்கள். மருந்தே தோலைக் காயவைத்து அரிப்பைக் கூட்டும்.

பதினேழாம் நாள் சோதனையில் துணி வெள்ளையாகவே இருந்தால் ஸ்டீல் சீப்பைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். ஞாயிறுதோறும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பிடரியில் ஐந்து இழுப்பு, இரு காதுக்குப் பின்னும் ஐந்தைந்து இழுப்பு. ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு பேன் வந்தாலும் அன்றைக்கே முதல் நாள் என்று காலண்டரில் வட்டமிடுங்கள்.